காஸ்ட்லி ஹெட்ஃபோனை எப்படி ஒப்பிட்டுக் கேக்கறது, எப்படி நம்ம காதுக்கு ட்யூன் பண்றது

புதுசா ஒரு ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கு சிக்னலைப் பெருக்கிக் குடுக்கற ஆம்ப்ளிஃபையர்) வாங்கி மாட்டினதும், ஆஹா என்ன விரிவு, என்ன தெளிவுன்னு ஒரு வாரம் பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒரு நாள் சும்மா 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு மல்டிமீட்டரை வெச்சு அளந்து பாத்தா, பழைய ஆம்ப்ல 1 வோல்ட் வர்ற இடத்துல புதுசுல 1.26 வோல்ட் வருது. அதாவது 2 டெசிபல் கூடுதல் சத்தம், அவ்ளோதான் விஷயம். ரெண்டையும் சமமாக்கிட்டு, வீட்ல ஒருத்தரை ஒயரை மாத்தி மாத்தி சொருகச் சொல்லி கண்ணை மூடிட்டு கேட்டேன், எது எதுன்னு சத்தியமா சொல்ல முடியல.

அதனால முதல் வேலை வால்யூம். சத்தம் கொஞ்சம் கூடினா நம்ம காது அதை "சத்தம்"னு சொல்லாது, "தெளிவு", "பேஸ் நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லும். குறைஞ்ச சத்தத்துல அடி பேஸும் உச்ச ட்ரெபிளும் காதுக்கு மங்கிப் போயிடும், சத்தம் ஏற ஏற அதெல்லாம் எழுந்து வரும். ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே இதை அளந்து வளைகோடு போட்டுக் காட்டிட்டாங்க. இந்த லட்சணத்துல ஒவ்வொரு ஹெட்ஃபோனுக்கும் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்ளோ சத்தம் வருதுங்கறது, வேற வேற. ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்கு 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல், ஃபோக்கல் யூட்டோபியாவுக்கு 104. குமிழைத் தொடாம ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணை மாட்டினா கிட்டத்தட்ட 20 டெசிபல் வித்தியாசத்துல கேப்பீங்க, அதுல போயி என்னத்தை ஒப்பிடறது.

மல்டிமீட்டர் ஆம்ப்புக்குத்தான் ஆகும், ஹெட்ஃபோனுக்கு காதுல விழற சத்தத்தையே அளக்கணும். நான் பண்றது இதுதான்: ஒரு பழைய சிடியை எடுத்து, நடு ஓட்டைல ஃபோனோட மைக் வர்ற மாதிரி வெச்சு, சுத்தி காத்து போகாம டேப் ஒட்டிடுவேன். இயர்கப்பை அந்த சிடி மேல ஓட்டை நடுவுல வர்ற மாதிரி கவுத்து வெச்சு, பிங்க் நாய்ஸ் (எல்லா ஃப்ரீக்வென்சியும் கலந்த இரைச்சல்) ஓட விட்டு, ஏதாவது சத்தம் அளக்கற ஆப்ல நம்பரைப் பாக்கணும். முழு பிங்க் நாய்ஸ் வேணாம், 500 ஹெர்ட்ஸ்ல இருந்து 2000 வரைக்கும் மட்டும் வெட்டின நாய்ஸ் போதும், ஏன்னா சிடி மேல பேட் (இயர்கப்போட மெத்தை) உக்கார்றதைப் பொறுத்து பேஸ் கண்டபடி மாறும். ஆப் காட்டற நம்பர் உண்மையான டெசிபலாங்கறது முக்கியமே இல்ல, ரெண்டு ஹெட்ஃபோனுக்கும் ஒரே நம்பர் வரணும், அரை டெசிபலுக்குள்ள வந்தா போதும். டேக்ல (டிஜிட்டலை ஒலி சிக்னலா மாத்தற பெட்டி) வால்யூம் டெசிபல்லயே காட்டினா ரொம்ப சௌகரியம், "இதுக்கு மைனஸ் 31, அதுக்கு மைனஸ் 18"னு ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வெச்சுருங்க. கடைசியா ஒரு குரல் பாட்டைப் போட்டு, குரல் ரெண்டுலயும் ஒரே அளவுக்கு நிக்குதான்னு காதால சரி பாத்துக்கணும்.

அடுத்தது தலைல உக்கார்ற விதம். கண்ணாடி போடறவங்க ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, 40 ஹெர்ட்ஸ் டோனை மெதுவா ஓட விட்டுட்டு கண்ணாடிக் காம்பை பேட் பக்கத்துல இருந்து லேசா மேல தூக்குங்க. க்ளோஸ்டு பேக்லயும் (கப்போட பின்பக்கம் மூடினது) நிறைய ப்ளானார்லயும் (சத்தம் எழுப்பற பாகம் தட்டையான மெல்லிய படலமா உள்ளது) அந்த டோன் குபுக்குன்னு பெருசாகும். அந்தக் காம்பு விடற இடைவெளில அவ்ளோ பேஸ் ஒழுகிட்டு இருந்துச்சுன்னு அப்பதான் தெரியும். பேட் பழசாகி அமுங்கிட்டாலும் சத்தம் மாறும், காது ட்ரைவர் (சத்தம் எழுப்பற பாகம்) பக்கத்துல போயிடுது, அதனால புது ஹெட்ஃபோனையும் 4 வருஷப் பேட் போட்ட ஹெட்ஃபோனையும் வெச்சு ஒப்பிட்டா அது ஹெட்ஃபோனை ஒப்பிட்டதா ஆகாது. சாய்வு வெச்ச பேட்ல தடிச்ச பக்கம் காதுக்குப் பின்னாடி வரணும். நான் ஒரு மாசம் அதை முன்பக்கமா மாட்டிக்கிட்டு "இதுல ஸ்டேஜே இல்ல"ன்னு (சத்தம் சுத்தி விரிஞ்சு கேக்கலைன்னு) புலம்பிட்டு இருந்த ஆளு, சிரிக்காதீங்க.

சரி, எதைக் கேக்கறது? முழுப் பாட்டு வேணாம், 15 செகண்ட் துண்டு போதும், அதையே திரும்பத் திரும்ப. ஏன்னா சத்தத்தோட நுணுக்கம் நினைவுல நிக்கறது சில செகண்ட்தான், ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணை மாட்டறதுக்குள்ளயே பாதி போயிடும். நான் வெச்சிருக்கற துண்டுகள்ல முதல்ல வர்றது குரல், அதுவும் ஸகரமும் ஷகரமும் அடுத்தடுத்து வர்ற வரி. ஷ-வோட பலம் சுமார் 2.5ல இருந்து 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், ஸ அதுக்கு மேல, 6ல இருந்து 9 பக்கம். ஸ மட்டும் ஊசி மாதிரி குத்தி ஷ சாதாரணமா இருந்தா பிரச்சனை மேல இருக்குன்னு அர்த்தம், ரெண்டுமே கத்தினா கீழயும் பாக்கணும். ரெஸ்பான்ஸ் கிராஃபே (எந்த ஃப்ரீக்வென்சில எவ்ளோ சத்தம்னு காட்டற படம்) பாக்காம இவ்ளோ தகவல் ரெண்டு எழுத்துல கிடைக்குது.

அடுத்தது மிருதங்கம். தொப்பிப் பக்கம் கும்கி (அடிச்சதும் கையால தோலை அழுத்தி இழுக்கறது) குடுக்கும்போது அந்த நாதம் வழுக்கி மேல ஏறுறது தெரியுதா, இல்ல வெறும் "தொம்"முனு ஒரு மொத்தை மட்டும் கேக்குதா. வலந்தலைல விரல் விழற சத்தம் தோல் மாதிரி இருக்கா, பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கா. அப்புறம் பியானோல ஒவ்வொரு ஸ்வரமா ஏறிப் போற ஒரு துண்டு, நடுவுல ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் மத்ததை விட முன்னாடி துருத்திட்டு வந்தா அந்த இடத்துல ரெஸ்பான்ஸ்ல ஒரு மேடு இருக்கு. கடைசியா கூட்டம் கைதட்டற சத்தம், நல்ல ஹெட்ஃபோன்ல தனித்தனி கையா கேக்கும், சுமாரானதுல மழை பெய்யற மாதிரி ஒண்ணா இருக்கும். இதோட நீங்க தினமும் கேக்கற, ரெக்கார்டிங் சுமாரா இருக்கற பாட்டையும் சேத்துக்கோங்க. டெமோ பாட்டுல மட்டும் அழகா பாடற ஹெட்ஃபோனை வெச்சுக்கிட்டு மத்த நாள் எல்லாம் என்ன பண்றது.

மாத்தி மாத்தி கேக்கும்போது ஏ, பி, மறுபடி ஏன்னு போங்க. ட்ரெபிள் தூக்கலா உள்ளதை ஒரு மணி நேரம் கேட்டுட்டு உடனே சென்ஹைசர் எச்டி 650 மாதிரி மெத்துனு உள்ளதை மாட்டினா கம்பளி போத்தின மாதிரிதான் இருக்கும், 20 நிமிஷம் விட்டா சரியாயிடும், அது ஹெட்ஃபோன் மேல உள்ள தப்பு இல்ல, காது பழகிப் போனது. அதனால நான் நம்பறது இன்னொரு முறையைத்தான்: ஒரு வாரம் ஒண்ணை மட்டும் கேட்டுட்டு அப்புறம் பழசுக்குத் திரும்பறது. திரும்பின முதல் பத்து நிமிஷத்துல எது இல்லைன்னு தோணுதோ அதுதான் புதுசு குடுத்த நிஜமான வித்தியாசம். எதுவும் தோணலையா, பணம் மிச்சம்.

கிராஃப் பத்தி ஒரு வார்த்தை. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மலை ஏறி நிக்கறதைப் பாத்துட்டு பயப்பட வேணாம், நம்ம காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குழாய், அது அந்த இடத்துலதான் அதிரும், ஹெட்ஃபோனும் அதை மதிச்சு குடுத்தாதான் இயல்பா கேக்கும். ஹார்மன் டார்கெட்ல (நிறைய பேருக்குப் பிடிச்ச சத்தம்னு ஆய்வு பண்ணி வரைஞ்ச வளைகோடு) அந்த மலை இருக்கறதுக்கும் அதான் காரணம். ஆனா 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கிராஃப்ல தெரியற மேடு பள்ளமெல்லாம் அளந்த பொம்மைத் தலையோட காதைப் பொறுத்தது, உங்க காதோட வடிவம் வேற. அதே மாதிரி கிராஸ் கம்பெனியோட அளவு ரிக்ல அளந்த கிராஃபையும் ப்ரூயல் அண்ட் கேயர் கம்பெனியோட 5128 ரிக்ல அளந்த கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சண்டை போடாதீங்க, ரெண்டு அளவுகோலும் வேற.

இப்ப ட்யூனிங், அதாவது ஈக்யூ (ஈக்வலைசர்) வெச்சு வேண்டிய ஃப்ரீக்வென்சியைக் கூட்டறது, குறைக்கறது. விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ, அது மேல பீஸ்னு ஒரு முகப்பு, ரெண்டும் இலவசம். ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட், லினக்ஸ்ல ஈஸி எஃபெக்ட்ஸ். முடிஞ்ச வரைக்கும் பாராமெட்ரிக் ஈக்யூ எடுத்துக்கோங்க, பத்து குமிழ் வெச்ச கிராஃபிக் ஈக்யூல நமக்கு வேண்டிய இடத்துல கை வைக்க முடியாது. மூணே விஷயம்தான்: எந்த ஃப்ரீக்வென்சி, எத்தனை டெசிபல், எவ்ளோ அகலம். அந்த அகலம்தான் க்யூ, 1.4னா சுமார் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி), நம்பர் கூடக் கூட குறுகும்.

தொடங்கும்போதே ப்ரீஆம்ப்பை (ஈக்யூ ஆப்ல மொத்த சத்தத்தையும் ஏத்தி இறக்கற குமிழ்) குறைச்சிருங்க. எங்கயாவது 5 டெசிபல் ஏத்தறதா இருந்தா ப்ரீஆம்ப் மைனஸ் 5.5, இல்லேன்னா சத்தம் உச்சில முட்டிக் கிழியும். இங்கதான் பழைய வால்யூம் பொறி மறுபடி வரும், ஈக்யூவை ஆன் பண்ணினா மொத்த சத்தம் இறங்கிடுது, ஆஃப் பண்ணினா ஏறிடுது, உடனே "ஈக்யூ போட்டா உயிரே போயிடுது"ன்னு முடிவு கட்டறவங்க ஏராளம். அதனால ஃபில்டர் (ஒவ்வொரு கூட்டலும் குறைப்பும்) எதுவும் இல்லாம, அதே ப்ரீஆம்ப் மைனஸ் 5.5 மட்டும் போட்டு இன்னொரு ப்ரீசெட் சேவ் பண்ணி, அதோட ஒப்பிடுங்க, குரல் அளவு இன்னும் ஒத்துப் போகலேன்னா அரை டெசிபல் இங்க அங்க நகத்திக்கலாம்.

வரிசை எனக்கு எப்பவும் கீழ இருந்து மேலதான். பேஸுக்கு 105 ஹெர்ட்ஸ்ல ஒரு லோ ஷெல்ஃப் (அதுக்குக் கீழ உள்ளதை மொத்தமா ஏத்தற ஃபில்டர்), க்யூ 0.7, 3 டெசிபல்ல தொடங்கி ஒவ்வொரு டெசிபலா. ப்ளானார்ல நிறைய ஏத்தலாம், தாங்கும். எச்டி 600 மாதிரி ஓப்பன் டைனமிக்ல (பின்பக்கம் திறந்த, சாதாரண காயில் ட்ரைவர் வெச்சது) அடி பேஸ் தானாவே இறங்கிப் போயிடும், அங்க 6, 7 டெசிபல்னு ஏத்தினா டிஸ்டார்ஷனும் (சத்தம் சிதையறது) சேந்தே ஏறும், அதை ப்ளானார் ஆக்கிடலாம்னு ஆசைப்படாதீங்க. ஆண் குரல் நெஞ்சடைச்ச மாதிரி இருந்தா 200 ஹெர்ட்ஸ் பக்கம் அகலமா 2 டெசிபல் குறைங்க. பேஸ் போதலைன்னு நினைச்சு ஏத்திட்டே இருந்தவங்களுக்கு பல சமயம் இந்த ஒரு குறைப்பே போதுமா இருக்கும்.

ட்ரெபிள்ல அவசரப்படாதீங்க, அங்கதான் உங்க காது வேற என் காது வேற. சத்தத்தை நல்லா குறைச்சுட்டு, ஒரு சைன் டோனை 4 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 12 வரைக்கும் கையால மெதுவா நகத்துங்க. எங்க சுருக்குன்னு ஏறுதோ அந்த நம்பரைக் குறிச்சுக்கோங்க. இப்ப இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டி அதே மாதிரி நகத்துங்க. ரெண்டுலயும் ஒரே இடத்துல ஏறினா அது பெரும்பாலும் உங்க காதோட குணம், வெளில குயில் கூவினாலும் அப்படித்தான் கேக்கும், அதுல கை வைக்காதீங்க. ஒண்ணுல மட்டும் ஏறினா அது ஹெட்ஃபோனோட மேடு. 2009ல வந்த சென்ஹைசர் எச்டி 800ல 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கற மேடு ஊரறிஞ்சது, பின்னாடி வந்த 800 எஸ்-ல அதை அமுக்க உள்ளயே ஒரு அப்சார்பர் (அந்தச் சத்தத்தை உறிஞ்சற அமைப்பு) வெச்சாங்க. அந்த மாதிரி மேட்டுக்கு க்யூ 3 இல்ல 4 வெச்சு 3 டெசிபல் குறைங்க, போட்டுட்டு ஸ-ஷ வரியைத் திரும்பக் கேளுங்க. ஸ மழுங்கி "த" மாதிரி ஆயிட்டா ஜாஸ்தியா வெட்டிட்டீங்க.

ரெடிமேட் வேணும்னா ஆட்டோஈக்யூங்கற தளத்துல நிறைய மாடலுக்கு ப்ரீசெட் கிடைக்குது, நல்ல தொடக்கம். ஆனா நான் எல்லா டெசிபலையும் பாதியாக்கிட்டு, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ள ஃபில்டரை அணைச்சுட்டுத்தான் கேக்க ஆரம்பிப்பேன். இன்னொண்ணு, ஹெட்ஃபோனை மாத்தும்போது ப்ரீசெட்டையும் மாத்தினோமான்னு பாத்துக்கோங்க, ஒரு முழு சாயங்காலம் ஒண்ணோட ஈக்யூவை இன்னொண்ணு மேல ஓட விட்டு அதுக்கு ரிவ்யூ வேற எழுதிட்டு இருந்திருக்கேன்.

ட்யூப் (வால்வு) ஆம்ப்புக்காரங்க, அப்ப எங்க ஆம்ப்ல வர்ற கதகதப்பு என்னன்னு கேப்பாங்க. 300 ஓம் எச்டி 600ல பேஸ் ரெசொனன்ஸ் (ட்ரைவர் தானா அதிர்ற இடம்) பக்கம் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) 500ஐத் தாண்டி ஏறும், அதனால ஆம்ப்போட அவுட்புட் இம்பிடன்ஸ் 100 ஓம் இருந்தா அந்த இடத்துல சுமார் 1 டெசிபல் தூக்கிக் குடுக்கும். "ட்யூப்போட கதகதப்பு"ங்கறதுல ஒரு பங்கு இதுதான். ப்ளானார்ல இம்பிடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடு, அங்க இந்த வித்தை நடக்காது. கேபிள் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல, வால்யூமைச் சமமாக்கி கண்ணை மூடிட்டு கேட்டுப் பாருங்க, அவ்ளோதான்.

ஈக்யூவால ஆகாததும் இருக்கு. கப் அழுத்தற வலி, ட்ரைவர் காதுல இருந்து எவ்ளோ தள்ளி எந்தக் கோணத்துல நிக்குதுங்கறதால வர்ற விரிவு, இதெல்லாம் பொருளோட வர்றது. மனசு ஒத்துக்கலேன்னா வித்துட்டு வேற பாக்கறதுதான்.

பேஸ் ஏத்தினதும் வால்யூமையும் ஏத்தத் தோணும், அதுல மட்டும் உஷார். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 83ன்னா 20 மணி நேரம்தான்.

ஒரு தடவைல ஒரே ஒரு ஃபில்டரை மாத்துங்க, மாத்தினா ரெண்டு நாள் அப்படியே விடுங்க, ப்ரீசெட் பேர்ல தேதியைப் போட்டு பழசை அழிக்காம வெச்சுக்கோங்க. என்னோட முதல் ப்ரீசெட்ல 11 ஃபில்டர் இருந்துச்சு. இப்ப ஓடறதுல 3: 105ல பேஸ் 4 டெசிபல் கூட, 200ல ஒண்ணரை குறைச்சல், 5.8 கிலோஹெர்ட்ஸ்ல 3 குறைச்சல். ஏழு மாசமா அதைத் தொடல.