மரச்சீனிக் கிழங்கின் நஞ்சை அளப்பதும் இறக்குவதும்

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, இல்லாத இடம் குறைவு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் ஊக்கம் பெற்றுப் பரவிய பயிர் இது. நம் சமையலில் கிழங்கைத் துண்டுபோட்டு அவித்து, வெந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு மயக்கும், அதாவது மசிக்கும், வழக்கத்துக்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது. அதைப் பள்ளி, கல்லூரி ஆய்வகத்திலேயே அளந்து பார்த்துவிடலாம்.

கிழங்கில் இருப்பது நேரடியான சயனைடு அல்ல. லினமாரின் என்ற சர்க்கரைச் சேர்மம் செல்லுக்குள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி செல் சுவரிலும் இருக்கும். கத்தி பட்டதும் இரண்டும் கலந்து, முதலில் அசிட்டோன் சயனோஹைட்ரின் உண்டாகி, பிறகு அது ஹைட்ரஜன் சயனைடாகப் பிரியும். இந்த வாயு 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் உண்டான நஞ்சு எளிதில் பறந்துபோகும். உடையாமல் உள்ளே கிடக்கும் லினமாரின்தான் தொல்லை.

சோதனைத் தாள் செய்வது

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 2.5 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டையும் 1.4 கிராம் ஈரமான பிக்ரிக் அமிலத்தையும் கரையுங்கள். வாட்மேன் வடிதாளை அதில் நனைத்து, காற்றில் உலர்த்தி, 3 செ.மீ. நீளம் 1 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிக்ரிக் அமில விஷயத்தில் விளையாட வேண்டாம். காய்ந்தால் அது வெடிபொருள். எப்போதும் தண்ணீர் கோத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். உலோகக் கரண்டியால் எடுக்கக் கூடாது, உலோக மூடி கூடாது. புட்டியின் வாயில் மஞ்சள் படிகம் காய்ந்து நின்றால் திருகித் திறக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் பல நாள் மஞ்சளாகவே இருக்கும்.

கிழங்கை எடுப்பது

ஒரே மூட்டில், அதாவது ஒரே செடியில், பறித்த கிழங்குகளுக்குள்ளேயே அளவு வேறுபடும். மூன்று கிழங்காவது எடுங்கள். நடுப்பகுதியில் 1.5 மி.மீ. கனத்தில் வட்டமாகச் சீவி, அதில் ஓரத்திலிருந்து மையம் வரை போகும் துண்டாக 100 மி.கி. நிறுத்துக்கொள்ளுங்கள். மையத்தை மட்டும் எடுத்தால் கணக்கு தவறும்.

சிறு மூடிப் புட்டியில் துண்டைப் போட்டு, பி.எச். 6 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் கரைசல் 0.5 மி.லி. விட்டு, தாள் ஒட்டிய பட்டையை நிறுத்தி உடனே இறுக மூடுங்கள். தாள் நீரில் படக் கூடாது. கிழங்கு போடாத புட்டி ஒன்றும் கூடவே இருக்கட்டும். சாதாரண அறை வெப்பத்தில் 16 முதல் 24 மணி நேரம். கரைசலின் பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் அசிட்டோன் சயனோஹைட்ரின் உடையாமல் நிற்கும். 9-ஐத் தாண்டினால் சயனைடு வாயுவாக எழும்பாமல் நீரிலேயே தங்கும். இரண்டிலும் தாள் பொய் சொல்லும்.

மறுநாள் மஞ்சள் தாள் ஆரஞ்சாகவோ, செங்கல் நிறமாகவோ, பழுப்பாகவோ மாறியிருக்கும். தாளைப் பட்டையிலிருந்து உரித்து 5 மி.லி. நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெற்றுப் புட்டித் தாளின் நீரைச் சுழியமாக வைத்து, 510 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளங்கள். 100 மி.கி. மாதிரிக்கு, உறிஞ்சல் அளவை 396-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை மி.கி. சயனைடு என்று கிடைக்கும். 0.15 என்று வந்தால் 59 மி.கி. பச்சைக் கிழங்கில் 50-க்குள் இருந்தால்தான், உலக உணவுத் தர விதிகளான கோடெக்ஸ் கணக்கில், அது நஞ்சு குறைந்த இனிப்பு ரகம். மாவுக்கு அந்த வரம்பு வெறும் 10.

எல்லாரும் சறுக்கும் இடம்

அவித்த கிழங்கை இதே முறையில் சோதித்தால் தாள் மஞ்சளாகவே இருக்கும். நஞ்சு போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். தப்பு. கொதியில் நொதி செத்துவிட்டது, லினமாரினை உடைக்க ஆளில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டவரின் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துவிடும்.

அவித்ததைச் சோதிக்க வெளியிலிருந்து நொதி சேர்க்க வேண்டும். பச்சைக் கிழங்கின் உட்தோல் 10 கிராமைக் குளிர்ந்த பாஸ்பேட் கரைசல் 50 மி.லி.-இல் அரைத்து, வடிகட்டி, அகலத் தட்டில் புகைபோக்கிப் பெட்டிக்குள் சில மணி நேரம் திறந்து வையுங்கள். அதன் சொந்த சயனைடு பெருமளவு போய்விடும். பிறகு கரைசலுக்குப் பதிலாக இதில் 0.5 மி.லி. விடுங்கள். இந்தச் சாறு மட்டும் உள்ள புட்டியின் அளவைக் கழிக்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். வெந்த கிழங்கு தண்ணீர் குடித்திருக்கும் என்பதால் பச்சையையும் வெந்ததையும் உலர் எடைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

அடுக்களையில்

வெளித்தோலோடு உட்தோலையும் முழுதாக உரியுங்கள். நஞ்சு அதிகம் இருப்பது அங்கேதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வில், 50 கிராம் துண்டுகளை அவித்தபோது லினமாரினில் கால்வாசிதான் குறைந்தது. 2 கிராம் துண்டுகளில் முக்கால்வாசி போனது. அதனால் சின்னதாக வெட்டுங்கள். துண்டுகள் நன்றாக மூழ்கும்படி தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். கொதிக்கும் நீரில் போடாமல் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். சூடு ஏறும் அந்த நேரத்தில் நொதி வேலை செய்யும். மூட வேண்டாம். வெந்த நீரை ஊற்றிவிட்டுப் புது நீரும் உப்பும் சேர்த்து வேகவையுங்கள். ஆவியில் வேகவைப்பதும் பச்சையாகப் பொரிப்பதும் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் குறைப்பதில்லை.

உலர்த்தும்போது கதை தலைகீழ். மெல்லிய சீவல் வேகமாகக் காய்ந்து, நொதிக்கு நேரம் கொடுக்காமல் லினமாரினை உள்ளே பூட்டிவிடும். 10 மி.மீ. கனத்துண்டு மெதுவாகக் காய்வதால் அதிகம் இழக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது இடித்து நசுக்கி வெயிலில் காயவைப்பது. மாவாக இருந்தால் தண்ணீர் விட்டுப் பிசைந்து, 1 செ.மீ.-க்கு மேல் போகாமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் விட்டு அன்றே சமைக்கலாம்.

கசப்பு ஓர் எச்சரிக்கை, அவ்வளவே. கசக்காத கிழங்கு பாதுகாப்பானது என்று பொருளில்லை, அதுவும் மழை பொய்த்த ஆண்டில் பயிர் வாடியிருந்தால். மிச்சமிருக்கும் சிறிதளவு சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளும். அதற்குக் கந்தகம் வேண்டும், கந்தகம் புரதத்திலிருந்து வர வேண்டும். கிழங்கோடு சாளை மீன் கறி வைப்பது நாக்குக்கு மட்டும் நல்லதல்ல. கூடவே அயோடின் உப்பும் அவசியம், ஏனென்றால் தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும்.

உரித்த தோலையும் பச்சை இலையையும் ஆட்டுக்கு அப்படியே போடாதீர்கள், செத்துப்போகும். ஊறவைத்த நீரைக் குளத்திலோ கால்வாயிலோ விட்டால் மீன் மிதக்கும். ஆழமில்லாத குழியில் ஊற்றி, வெயிலும் காற்றும் படத் திறந்து வைத்து, ஆடுமாடு அண்டாதபடி முள்வேலி போடுங்கள்.