காம்பாக்ட் கேமராக்களை ஒப்பிடுவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

இரண்டு கேமராக்களின் விவரப் பட்டியலை அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய எண்கள்தான். ஒன்றில் 30 மடங்கு ஜூம், இன்னொன்றில் 4 மடங்கு என்றால் முப்பதை எடுக்கத்தான் கை போகும். என் முதல் காம்பாக்ட் கேமராவை நான் அப்படித்தான் வாங்கினேன். அக்கா மகள் மேடையில் ஆடிய நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜூமை முழுக்க நீட்டி அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில்கூட முகம் தெளிவாக இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. குறைந்த வெளிச்சத்தில், தூரத்தில், அசைகிற ஆளை எடுக்க என்ன வேண்டுமோ அது அந்தக் கேமராவில் கிடையாது. பட்டியலில் அது எழுதியும் இருந்தது. எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த வரிகளை வாசிக்கும் முறையை இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: சரியாக வராத படங்களைப் பிரியுங்கள்

கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஃபோனைத் திறங்கள். கடைசியாக எடுத்த 200 படங்களில், "சே, இது நன்றாக வந்திருக்கலாமே" என்று தோன்றுகிறவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அவை நான்கு வகைக்குள் வந்துவிடும். ஆள் அசைந்ததால் கலங்கியவை. இருட்டில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வந்தவை. தூரத்தில் இருப்பது குட்டியாகத் தெரிபவை. பின்னால் நகர இடமில்லாமல் ஓரத்தில் ஆள் வெட்டுப்பட்டவை.

எந்த வகையில் படங்கள் அதிகம் என்று எண்ணுங்கள். முதல் இரண்டு வகை என்றால் உங்களுக்குத் தேவை வெளிச்சம். படி 2, படி 3 இரண்டையும் நிதானமாகப் படியுங்கள். பகல் வெளிச்சத்தில் தூரத்தில் இருப்பவை என்றால் ஜூம். நான்காவது என்றால் அகலமான லென்ஸ். எல்லாமே நாலைந்து படம்தான் தேறுகிறது என்றால் உங்கள் ஃபோனே போதும். இதை மனதாரச் சொல்கிறேன். அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சென்சார் எவ்வளவு பெரியது?

படம் விழுகிற பரப்புதான் சென்சார். மழையில் சின்னக் கிண்ணத்தையும் அகலமான தாம்பாளத்தையும் ஒரே நேரம் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். வெளிச்சம் குறைவாகச் சேர்ந்தால் கேமரா அதை மின்னணு முறையில் தூக்கிக் காட்டும். அப்போதுதான் அந்த மணல் புள்ளிகள் தெரிகின்றன.

காம்பாக்ட் கேமராக்களில் அடிக்கடி பார்க்கிற அளவுகள் இவை. 1/2.3 இன்ச் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. இருக்கும். 1 இன்ச் என்பது 13.2 × 8.8 மி.மீ. ஏபிஎஸ்-சி என்பது சுமார் 23.5 × 15.6 மி.மீ. நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பாருங்கள்: முதலாவதைவிட இரண்டாவது நான்கு மடங்கு பெரியது, இரண்டாவதைவிட மூன்றாவது மூன்று மடங்கு பெரியது.

"1 இன்ச் என்றால் 25.4 மி.மீ. அல்லவா, 13.2 எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அது பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டம். குழாய்கள் போய்விட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆகவே இன்ச் கணக்கை விட்டுவிட்டு மி.மீ. அளவை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய நல்ல ஃபோன்கள் பலவற்றின் முதன்மைச் சென்சார் 1/2.3 இன்ச்சைவிடப் பெரியது. போதாததற்கு ஃபோன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்தும் தருகிறது. அதனால் 1/2.3 இன்ச் கேமரா வாங்கினால், ஜூமைத் தவிர்த்துப் பார்க்கும்போது படம் ஃபோனைவிட நன்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 3: லென்ஸ் வளையத்தில் உள்ள இரண்டு எண்கள்

என்னைக் கேட்டால் ஒப்பீட்டில் முக்கியமான இடம் இதுதான். கேமராவை முகத்துக்கு நேரே திருப்பி, லென்ஸைச் சுற்றியுள்ள சின்ன எழுத்துகளைப் பாருங்கள். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-இல் 8.8-36.8 மி.மீ. என்றும், 1:1.8-2.8 என்றும் இருக்கும். முதல் ஜோடி ஜூமின் தொடக்கமும் முடிவும். இரண்டாவது ஜோடி எஃப் எண்: ஜூம் இல்லாதபோது 1.8, முழுக்க நீட்டினால் 2.8.

எஃப் எண் என்பது வகுத்தல் கணக்கு. லென்ஸின் மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாசலின் குறுக்களவு கிடைக்கும். 36.8-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 மி.மீ. இப்போது 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடலை எடுத்துக்கொள்வோம். அதில் 10.4-37.1 மி.மீ., 1.8-4.9. முழு ஜூமில் 37.1-ஐ 4.9-ஆல் வகுத்தால் 7.6 மி.மீ. மட்டுமே.

இரண்டிலும் ஒரே 1 இன்ச் சென்சார். இரண்டிலும் தொடக்க எஃப் எண் 1.8. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அந்த 1.8-ஐத்தான். ஆனால் ஜூமை முழுக்க நீட்டியதும் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு வெளிச்சம் வாங்குகிறது. 4.9-ஐ 2.8-ஆல் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், மூன்று வரும். ஒரு கேமரா 1/30 வினாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டிய இடத்தில் மற்றது 1/90 வினாடியில் வேலையை முடித்துவிடும். நின்று பேசுகிறவரின் முகம் 1/90-இல் தெளிவாக வர நல்ல வாய்ப்பு உண்டு. 1/30-இல் தலையை லேசாகத் திருப்பினாலே கலங்கிவிடும். ஓடுகிற குழந்தைக்கு 1/250-ஆவது வேண்டும். அங்கே இந்த மூன்று மடங்கு பெரிய உதவி.

இரண்டு எண்களில் கடைசி எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். என் பழைய கேமராவில் அது 6.4. மேடை விளக்கில் அதற்கு மேல் அந்த லென்ஸால் ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: ஜூமை மடங்கில் பார்க்காதீர்கள்

"5 மடங்கு" என்பது கடைசி எண்ணைத் தொடக்க எண்ணால் வகுத்து வருவது, அவ்வளவுதான். 24-இல் தொடங்கி 120 போனாலும் 5 மடங்கு, 28-இல் தொடங்கி 140 போனாலும் 5 மடங்கு. எதில் தொடங்குகிறது என்பதுதான் அன்றாடப் படங்களுக்கு முக்கியம். விவரப் பட்டியலில் "35 மி.மீ. இணை" என்று ஒரு வரி இருக்கும். நான் சொன்ன 24, 28 எல்லாம் அந்த வரியில் வரும் எண்கள், படி 3-இல் பார்த்த வளைய எண்கள் அல்ல. வெவ்வேறு சென்சார் அளவுள்ள கேமராக்களை ஒரே அளவுகோலில் வைக்க உதவுவது அதுதான்.

மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு குழுவைப் படுக்கைவாட்டில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 24 மி.மீ. இணை லென்ஸில் சுமார் நாலரை மீட்டர் அகலம் அடங்கும். 28-இல் நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓரத்தில் நிற்கிற ஓர் ஆள் படத்துக்குள் இருப்பாரா இல்லையா என்பது அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மறுமுனையில், 70 முதல் 100 மி.மீ. இணை வரை முகங்களுக்கு நன்றாக இருக்கும். 200 இருந்தால் பயணத்துக்குப் போதும். அதற்கு மேல் பறவைகளும் நிலாவும். டிஜிட்டல் ஜூம் என்ற வரியை அடித்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. 2 மடங்கு டிஜிட்டல் ஜூமில் மிஞ்சுவது நான்கில் ஒரு பங்கு பிக்சல்தான்.

ஜூமே இல்லாத காம்பாக்ட்களும் உண்டு. ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை எல்லாம் அப்படித்தான். ஜூமை விட்டுக்கொடுத்ததால் ஏபிஎஸ்-சி சென்சார் சின்ன உடம்புக்குள் அடங்கியிருக்கிறது. ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு சுமார் 257 கிராம்தான். முதல் கேமராவாக நான் இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஃபோன் படங்களில் நீங்கள் ஜூம் தொட்டதே இல்லை என்றால், கட்டாயம் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

படி 5: மெகாபிக்சலை ஒரு நிமிடத்தில் முடியுங்கள்

ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சடிக்க சுமார் 8.7 மெகாபிக்சல் போதும். 4கே திரையை முழுக்க நிரப்ப 8.3. இன்று கிடைக்கிற பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் இதற்கு மேல்தான் இருக்கும். அடுத்த வரிக்குப் போங்கள்.

படி 6: அதிர்வுத் தடுப்பு எதைத் தடுக்கும்?

உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரில் இருப்பவர் அசைவதை அது தடுக்காது. மாலையில் ஒரு கட்டடத்தை 1/8 வினாடியில் கையில் பிடித்தே எடுக்கலாம், அதற்கு இது அருமையான உதவி. அதே 1/8-இல் அந்தப் பக்கமாக நடந்து போகிறவர் புகையாகத்தான் தெரிவார். ஆகவே முதல் படியில் ஆள் அசைந்து கலங்கிய படங்கள்தான் அதிகம் என்றால் இந்த வசதியை நம்பி வாங்காதீர்கள். படி 3-க்குத் திரும்புங்கள்.

படி 7: கையில் எடுத்துச் சோதியுங்கள்

பட்டியலை வைத்து இரண்டு மூன்று கேமராக்களாகச் சுருக்கிவிட்டீர்கள். இனி நேரில் பார்க்க வேண்டும், கடையிலோ நண்பரிடமோ. உங்களுடைய மெமரி கார்டைக் கையோடு கொண்டு போங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, எல்லாக் கேமராவிலும் அதே காட்சியை அதே ஜூமில் எடுங்கள்.

முதலில், அணைத்திருக்கும் கேமராவை இயக்கி முதல் படம் விழும் வரை மனதுக்குள் எண்ணுங்கள். அன்றாடப் படங்களில் இந்த இரண்டு மூன்று வினாடி பெரிய விஷயம். அப்புறம் அறையில் வெளிச்சம் குறைந்த மூலையைத் தேடி, ஜூமை முழுக்க நீட்டி எடுங்கள். அடுத்து யாரையாவது உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லி ஐந்தாறு படங்கள் எடுங்கள். எத்தனையில் கண்கள் ஃபோகஸில் இருக்கின்றன என்று பாருங்கள். வாய்ப்பிருந்தால் வாசலுக்குப் போய், வெயிலில் திரை தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியவில்லை என்றால் வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) உள்ள மாடலைத் தேடுவது நல்லது. கடைசியாக நீங்கள் வழக்கமாகக் கொண்டு போகிற பைக்குள்ளோ சட்டைப்பைக்குள்ளோ வைத்துப் பாருங்கள். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற கேமராவில் எவ்வளவு நல்ல சென்சார் இருந்தும் பயனில்லை.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் உள்ள "250 படங்கள்" போன்ற எண், ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் சோதனை முறைப்படி வருவது. உங்கள் பழக்கத்தைப் பொறுத்து அது கூடும் குறையும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்பதால் ஒப்பிடுவதற்கு நம்பலாம்.

பழைய கேமரா வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் மூன்றைப் பாருங்கள். அது எந்த வகை கார்டு கேட்கிறது? எக்ஸ்டி கார்டு போன்றவற்றின் உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகின்றன. மாற்று பேட்டரி கிடைக்கிறதா? மூன்றாவது, சென்சாரில் தூசி. வெள்ளைச் சுவரை, எஃப் எண்ணை முடிந்த வரை உயர்த்தி ஒரு படம் எடுங்கள். சாம்பல் நிற வட்டங்கள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் அதை நாமே துடைக்க வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கணினியில் போட்டு, எந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்பதை மறைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கிற அளவிலேயே அருகருகே வைத்துப் பாருங்கள். இருட்டு மூலைப் படத்திலும் நடந்து வந்தவர் படத்திலும் ஒன்று தெளிவாக முந்தி நின்றால் அதை வாங்குங்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் எடை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.