மெற்றல் டிடெக்டரோட (உலோகம் தேடுற மெசினோட) கடற்கரைக்குப் போறவைக்கு: தோண்டுற கரண்டிக்கு பிவிசி பைப்பில உறை செய்வம்

திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் குளிக்க வந்த ஆக்கள் மோதிரம், தோடு, ஒருக்கா ஒரு அக்கா தாலிக்கொடியே தவறவிட்டுட்டு அழுதுகொண்டு நிண்டவ, அப்பிடியான நேரங்களில என்னைக் கூப்பிடுவினம். மெசின் பிடிக்கிறது ரெண்டு நாளில பழகீட்டுது, கரண்டியை எங்க கொழுவிக்கொண்டு போறது எண்டதுதான் கன நாளாப் பிடிபடேல்ல.

தொடங்க முதல் ஒண்டு. இது கடற்கரையில தொலைஞ்ச சாமான் தேடுறதுக்கு மட்டும்தான். பிரெட்ரிக் கோட்டை, கோணேசர் கோயில் சுற்றாடல், பழைய இடிபாடு எண்டு எங்கயும் தோண்டாதேங்கோ, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாம தொல்பொருள் தேடித் தோண்டுறது குற்றம். மெசினுக்கு உரிய அனுமதியும் கையில இருக்கவேணும். சண்டைக்காலத்து வெடிபொருள் மாதிரி ஏதும் கண்ணில பட்டா தொடாம விலகிப் போய் 119க்கு அடியுங்கோ.

கரண்டி எண்டா, பூக்கண்டுக்கு மண் கிளறுற கைக்கரண்டிதான், அலகும் பிடியும் ஒரே துண்டா வாறதாப் பாத்து எடுங்கோ. சாந்தகப்பை வேண்டாம், ஈரமண்ணில நெம்பினா கழுத்து வளையும். ஸ்டெயின்லெஸ் கிடைச்சா காசு பாக்காதேங்கோ, எங்கட உப்புக்காத்துக்கு சாதா இரும்பு நிண்டுபிடிக்காது. அலகைத் தீட்டச் சொல்லுவினம், நான் மாறித்தான் சொல்லுவன், அரத்தால ஓரத்தை உருட்டி மழுக்கிப்போடுங்கோ, கூர் அலகு பட்டா தங்கத்தில கீறல் விழும், மெல்லிய சங்கிலி அறுந்துபோகும். நுனியில இருந்து 5, 10, 15 சென்ரிமீற்றருக்கு இரும்பறுக்கிற வாளால சின்னக் கோடு வெட்டிவிட்டா ஆழம் பாக்கலாம். பெயின்ற் மண்ணில உரஞ்சி உரஞ்சிப் போயிடும்.

இனி உறை. அலகு 7 சென்ரிமீற்றர் அகலம் எண்டா பைப்பின்ர சுற்றளவு அதின்ர ரெண்டு மடங்கை விடக் கொஞ்சம் கூட வேணும். 50 மில்லிமீற்றர் பைப்பின்ர சுற்றளவு 15.7 சென்ரிமீற்றர், அது காணும். அலகின்ர நீளத்துக்கு வெட்டி, கொதிதண்ணியில இளகுமட்டும் வச்சு, துணியால பிடிச்சுத் தூக்கி, கரண்டியை உள்ள விட்டு ரெண்டு பலகைக்கு நடுவில அமத்துங்கோ. என்ர முதல் உறை பிழைச்சது இந்த இடத்திலதான். வெறும் அலகை வச்சு அமத்தினன், ஆறினாப்போல பைப் இரும்பை அப்பிடியே கவ்விக்கொண்டுது, காலால மிதிச்சு இழுத்தும் வரேல்ல, கடைசியா வாளால அறுத்துத்தான் எடுத்தனான். அலகைச் சுத்தி பேப்பர் மட்டை ரெண்டு சுத்துச் சுத்தி நூலால கட்டிப்போட்டு அமத்துங்கோ, ஆறினபிறகு மட்டையை உருவினா கரண்டி சத்தமில்லாம வழுக்கி இறங்கும். அடிப்பக்கத்தை மூடாதேங்கோ, மண்ணும் உப்புத்தண்ணியும் வடியவேணும்.

இடுப்புப் பட்டியில கட்ட நைலோன் கயிறுதான், ரிவிட்டும் வேண்டாம் இரும்புக் கொக்கியும் வேண்டாம். வலக்கையால மெசின் ஆட்டினா உறை இடப்பக்கம், கொஞ்சம் முதுகுப் பக்கமாத் தள்ளி இருக்கவேணும். நான் வலப்பக்கம் தொங்கவிட்டிருந்தன், குனியிற நேரமெல்லாம் மெசின் கத்தும், தோண்டினா ஒண்டும் இராது, ஒரு பின்னேரம் முழுக்க அப்பிடியே போச்சு. கடைசியில மெசின் பிடிச்சது என்ர கரண்டியைத்தான்.

தோண்டேக்க சத்தம் வந்த இடத்தில நேர குத்தாம ஒரு சாண் தள்ளிக் குத்தி, அடியால கோலித் தூக்குங்கோ. குழியை மூடிப்போட்டு வாங்கோ, ராவில நடக்கிற ஆக்களின்ர கால் முறியும்.

பிறகு சேர்த்தது: கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி பைப்பை காஸ் அடுப்பில நேர பிடிச்சு இளக்கலாமோ எண்டு கேட்டவர். கூடாது, பிவிசி கருகினா வாற புகை நெஞ்சுக்கு நஞ்சு. புல்மோட்டைப் பக்கம் இருந்து இன்னொராள் கரண்டி விழாம இருக்க உறையில காந்தம் ஒட்டினவராம். அங்கத்தைய கருமணலில இல்மனைட் எண்ட கறுத்த தாதுவோட காந்தத்தில ஒட்டுற துகளும் கிடக்கு, ரெண்டு தரம் எடுத்து வைக்க உறை வாய் அடைச்சுப்போடும், மெசினையும் குழப்பும். உறை தளர்ந்திட்டுது எண்டா பழைய சைக்கிள் ரியூப்பில ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, உறையோட சேர்த்துப் பிடியில மாட்டிவிடுங்கோ.