துருவப் பனியைக் கடலடி மண்ணில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபிளை மாற்றி ஒட்டுவது, சல்லடையைக் கழுவாமல் அடுத்த சாம்பிளைக் கொட்டுவது போன்றவற்றை எந்த ஆய்வகத்திலும் முதல் வாரமே திட்டித் திருத்திவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. துருவங்களில் பனி எப்போது சேர்ந்தது என்பதைக் கடலடியில் துளையிட்டு எடுத்த மண்ணிலிருந்து கணிக்கும்போது நடப்பவை. வரைபடம் அழகாக வந்து, எல்லாரும் தலையாட்டிய பிறகும் உள்ளே உட்கார்ந்திருக்கும் தவறுகள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததையே புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

மணல் தெரிந்தால் உடனே பனிமலையா?

கரையிலிருந்து வெகுதூரத்தில், களிமண்ணுக்கு நடுவே 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டருக்கு) மேற்பட்ட மணல் கிடைத்தால், மிதந்து வந்த பனிமலை உருகிப் போட்டது என்று நினைக்கத் தோன்றும். பல சமயம் சரிதான். ஆனால் எரிமலைச் சாம்பலும் அதே சல்லடையில் நிற்கும். அடிநீரோட்டம் களிமண்ணை அரித்துக்கொண்டு போனாலும் மணல் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் வகைவாரியாக எண்ணுங்கள். சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோன அடுக்கில், ஒரு மணல்கூடக் கூடாமலே மணலின் சதவீதம் ஏறும்.

ஆக்சிஜன் வளைகோட்டை வெப்பமானியாக வாசிப்பது

இன்னமும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

கடலடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓட்டில், கனமான ஆக்சிஜன்-18க்கும் லேசான ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறோம். தண்ணீர் குளிர்ந்தால் ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடும். லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் எளிதில் ஆவியாகி, பனியாகப் பெய்து, நிலத்தில் பனிப்பாளமாகத் தங்கிவிட்டாலும் கடலில் ஆக்சிஜன்-18 கூடும், ஓட்டிலும் கூடும். மாதக் கடைசியில் மொத்தச் செலவை மட்டும் பார்த்துவிட்டு, வாடகைக்கு எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் முடிந்து ஒலிகோசீன் தொடங்கும் இடத்தில், இந்த விகிதம் ஆயிரத்துக்கு 1.5 பங்குபோலத் தாவுகிறது. ஒரு மாணவர் அத்தனையையும் வெப்பநிலையாக மாற்றி, ஆழ்கடல் ஏறக்குறைய 7 டிகிரி குளிர்ந்தது என்று போஸ்டர் போட்டு வந்தார். அப்போது அண்டார்டிகாவில் பனியே சேரவில்லையா என்று கேட்டேன். "சார், பேப்பர்ல வரைபடத்துலயே பக்கத்து அச்சுல வெப்பநிலை போட்டிருக்காங்களே" என்றார். போட்டிருக்கிறார்கள்தான். பனி இல்லாத காலத்துக்கு மட்டுமே அந்த அளவுகோல் பொருந்தும் என்று கீழே சின்ன எழுத்தில் சொல்லியும் இருக்கிறார்கள். அந்த அச்சை நம்பி எழுதிய அத்தியாயத்தை அவர் முழுக்கத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

சரி, எல்லாமே பனி என்று வைத்துக்கொண்டால்? கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்க வேண்டும். இன்றைய அண்டார்டிகப் பனி முழுவதும் உருகினாலே கடல் ஏறத்தாழ 58 மீட்டர்தான் உயரும். ஆக, இரண்டும் கலந்திருக்கிறது.

பெரிய ஆட்களும் சறுக்கிய இடம் இது. 1975இல் ஷாக்கிள்டன், கென்னட் என்ற கடலடி மண் ஆய்வாளர்கள் இந்தத் தாவலைக் குளிர்ச்சியாகவே வாசித்து, பெரிய பனிப்பாளம் வெகுகாலம் கழித்து, மயோசீனின் நடுப்பகுதியில்தான் உருவானது என்றார்கள். 1980களின் இறுதியில் அண்டார்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடாவிலும், தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள கெர்கேலன் மேட்டிலும் துளையிட்டபோது, ஒலிகோசீன் தொடக்கத்து அடுக்குகளிலேயே பனி சுமந்து வந்த கல்லும் மணலும் கிடைத்தன.

அப்புறம், "அதே ஓட்டிலுள்ள மெக்னீசியம்-கால்சியம் விகிதம் வெப்பநிலையை மட்டும்தானே சொல்லும்?" என்று ஒருவர் கேட்பார். 2000இல் அதை வைத்துப் பார்த்தபோது குளிர்ச்சியே தென்படவில்லை. அதே காலத்தில் பசிபிக்கில் சுண்ணாம்பு கரையும் ஆழம் ஒரு கிலோமீட்டர்போலக் கீழிறங்கியிருந்தது. நீரின் கார்பனேட் அளவு மாறினால் ஓட்டில் ஏறும் மெக்னீசியமும் மாறும்; அது ஆழ்கடலில் குளிர்ச்சியை மறைத்துவிட்டது. ஆழம் குறைந்த கடலில் படிந்த தான்சானியக் களிமண்ணை எடுத்துப் பார்த்தபோதுதான் சுமார் 2.5 டிகிரி குளிர்ச்சி வெளிப்பட்டது.

கோரின் (துளையிட்டு எடுத்த மண் உருளையின்) உச்சியில் சாம்பிள் எடுப்பது

எடுக்காதீர்கள். மேலடுக்கிலிருந்து துளைக்குள் விழுந்த கல் அங்கேதான் கிடக்கும்.

இரண்டு வயதுகளுக்கு நடுவே கோடு இழுப்பது

2004இல் வட துருவத்துக்கு அருகே, கடலடியிலுள்ள லோமோனோசோவ் மலைமுகட்டில் எடுத்த கோரில், முதல் கணிப்பின்படி 4.4 கோடி ஆண்டு முதல் 1.8 கோடி ஆண்டு வரையான பகுதி இல்லவே இல்லை. மேலும் கீழும் உள்ள வயதுகளை நேர்கோட்டால் இணைத்தால், இல்லாத காலம் இருக்கிற மண்ணில் பரவிவிடும். பின்னர் ஆஸ்மியம் என்ற உலோகத்தின் ஐசோடோப் விகிதம் மூலம் வயது பார்த்தவர்கள் அவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது என்றார்கள். எந்தக் கணிப்பைப் பின்பற்றினீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அங்கே பனி சுமந்து வந்து போட்ட மிகப் பழைய கூழாங்கல்லின் வயது அதைப் பொறுத்து நகரும்.

முதல் கூழாங்கல் என்றால் பனிப்பாளமா?

இல்லை. கரையோரம் உறைந்த கடற்பனிகூடக் கல்லைத் தூக்கிக்கொண்டு போகும்.