நடந்தால் மட்டும் போதுமா? அறுபதைத் தாண்டியவர்கள் செய்யும் தவறுகள்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் பக்கத்தில் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த பெண்கள் ஏராளம். ஏலச்செடி அடித்தூரில்தான் காய்க்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் காய் எடுக்க முடியும். காலமெல்லாம் அப்படி உழைத்தவர்கள் வேலையை விட்டதும் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்கள். "உழைச்சது போதும்டா" என்பார்கள். நியாயமான பேச்சுதான், ஆனால் உடம்பு பழைய கணக்கைப் பார்ப்பதில்லை. வயதானவர்கள் பத்து நாள் படுக்கையில் கிடந்தாலே கால் தசை கண்கூடாக இளைத்துவிடும். "நீ எதையும் தொடாதம்மா" என்று வாளியைப் பிடுங்கி வைக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தவறில் பங்கு உண்டு.

அடுத்தது, நடப்பதோடு நிறுத்திக்கொள்வது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது மூன்று விஷயம்: வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பயிற்சி. நம் ஊரில் முதலாவது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதோடு படுத்த படுக்கையானவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கிறோம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், ஒற்றைக்காலில் நில்லுங்கள். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஆய்வு ஒன்றில், தொண்ணூறை ஒட்டிய முதியவர்கள் எட்டே வாரம் எடை தூக்கிப் பழகியதில் தொடை வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். 1965இல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி விற்கக் கண்டுபிடித்த எண் அது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் பலன் கூடவில்லை. பத்தாயிரத்துக்கு மலைத்து வீட்டிலேயே இருப்பவர் நாலாயிரத்தில் தொடங்கலாம்.

கார்த்திகை, மார்கழியில் இருட்டோடு குமுளி சாலையில் நடப்பது வம்பு. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் பறக்கும் நேரம் அது. வெளிச்சம் வந்தபின் நடங்கள், இல்லையென்றால் சாயங்காலம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். எப்போது சாப்பிட்டு எப்போது நடப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

நடக்கையில் நெஞ்சு இறுகினால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துவிட்டு மறுநாளும் கிளம்பாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, யாரையாவது அழைத்து, உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.