குழந்தையின் கண் வழியாக மூளை அழுத்தம் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு அணியும் முந்தைய அணி செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறது. ஜெல் போதாமல் தேய்ப்பது, வலது கண்ணுக்கு இடது என்று பதிவது போன்றவை ஓரிரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூளையைச் சூழ்ந்த நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் நீள்கிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் உறை புடைக்கும். அது நன்றாக விரியும் இடம் விழிக்கு 3 மி.மீ. பின்னால் இருக்கிறது. மூடிய இமைமேல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் புரோபை வைத்து அங்கே அகலத்தை அளக்கிறோம். மண்டையில் துளை வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை.

நிழலை அளப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். விழியின் பின்சுவரில் நரம்பு நுழையும் இடம் ஒலியை விழுங்குவதால், அதன் பின்னே திரையில் ஒரு கரிய பட்டை விழுகிறது. பார்ப்பதற்கு எடுப்பாக இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு அதையே அளந்துவிடுகிறார்கள்.

ஓர் இரவுப் பணியில், வாந்தியும் தலைவலியுமாக ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். "சார், 6.4 மி.மீ. இருக்கிறது, மானிட்டால் ஏற்றிவிட்டேன்" என்றார் பயிற்சி மருத்துவர். மூளை அழுத்தத்தைக் குறைக்க, உடலின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து அது. நான் போனபோது சிறுமி கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் உறைய வைத்திருந்த படத்தில், அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் இரு நேர் விளிம்புகள். புரோபைச் சற்றுச் சாய்த்தேன், பட்டையும் கூடவே சாய்ந்தது. உண்மையான நரம்பைப் பிடித்து அளந்தால் 4.6. ஏற்கெனவே வாந்தியால் வறண்டிருந்த உடம்பு, மானிட்டாலால் இன்னும் நீரை இழந்தது. அப்புறம் இரவு முழுவதும் சலைன், ரத்தப் பரிசோதனை, அவசியமில்லாத ஒரு சிடி ஸ்கேன், அழுதபடி நின்ற அம்மாவுக்குச் சமாதானம்.

நிழல் புரோபின் போக்கிலேயே நகரும்; நரம்பு தன் இடத்தைவிட்டு அசையாது, லேசாக வளைந்தும் போகும். நரம்பின் கரிய நடுப்பகுதிக்கு இருபுறமும் வெளிர் பட்டைகள் தெரிய வேண்டும். அவற்றின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைதான் அளவு. அவை தெரியாத படத்தில் காலிபரை, அதாவது திரையில் அளக்கும் குறியை, வைக்கவே கூடாது. முதலில் கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, குறையுங்கள். நரம்பு மூக்குப் பக்கமாக விலகி நுழைவதால், புரோபைக் காதுப் பக்கம் நகர்த்தி மூக்கை நோக்கித் திருப்புங்கள். 3 மி.மீ. ஆழத்தை நரம்பின் போக்கிலும், அகலத்தை அதற்குச் செங்குத்தாகவும் அளக்க வேண்டும். திரையின் கிடைக்கோட்டை நம்பி அளப்பவர்களும் உண்டு. நரம்பு சாய்ந்திருந்தால் எண் வீங்கிவிடும்.

புரோபை அழுத்துவது

கையின் கனம் விழிமேல் விழாமல் நெற்றியில் இருக்கட்டும். விழி கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கண்மேல் புரோபை வைக்கவே வேண்டாம்.

இயந்திரத்தைக் கண்ணுக்கு மாற்றாமல் விடுவது

வயிற்றுக்கு வைத்த ஒலிச்செறிவு கண்ணுக்கு அதிகம். ஒலி திசுவை எவ்வளவு பாதிக்கக்கூடும் என்று திரையில் காட்டும் எண் இயந்திரக் குறியீடு (MI); மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ. கண்ணுக்கு வகுத்த அதன் வரம்பு 0.23 தான்.

அழும் குழந்தையை அளப்பது

அழுகை தானே அழுத்தத்தை ஏற்றும். காத்திருங்கள்.

ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குவது

உறையின் அகலத்துக்கு எல்லை, பழைய பாடங்களில் ஒரு வயதுக்குள் 4, அதற்கு மேல் 4.5 மி.மீ. என்று இருக்கும். கேப் டவுனில் மண்டைக்குள் நேரடியாக அழுத்தம் அளந்து ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வோ மண்டைக்குள் 20 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு 5.5 மி.மீ. அகலத்தை ஒட்டிய எல்லையைக் காட்டியது. இடைவெளி சிறியதல்ல. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தையின் மண்டை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் அவர்களுக்கு வேறு கணக்கு. எல்லைக்கு அருகில் வரும் எண்ணை நான் தனியாக நம்புவதில்லை. நினைவு நிலை, கண்மணி, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் கூடவே பேச வேண்டும்.

ஷன்ட் வைத்த குழந்தையிடம் பொது எல்லையைத் தேடுவது

ஷன்ட் என்பது மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய். நீண்ட நாள் புடைத்திருந்த உறை, அழுத்தம் இறங்கிய பிறகும் பழைய அகலத்துக்குத் திரும்பாமல் போகலாம். அவர்களுக்கு நலமாக இருக்கும் நாளிலேயே ஒரு முறை அளந்து, மருத்துவச் சீட்டில் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். நடு இரவில் வாந்தியோடு வரும்போது அந்த எண்தான் ஒப்பிட உதவும்.