உயரமான மீன் தொட்டி கட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் என் அத்தானின் தொடர்மாடி வீட்டு ஹோலில் ஒரு மீன் தொட்டி கட்டினோம். நாலடி நீளம், இரண்டரை அடி உயரம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஏறியபோது, முன்கண்ணாடியில் விழுந்திருந்த யன்னலின் விம்பம் கோணலாகத் தெரிந்தது. நேரான அலுமினியப் பட்டி ஒன்றை எடுத்து மேல்விளிம்போடு ஒட்டிப் பிடித்தேன். நடுவில் முட்டியது, இரண்டு முனையும் கண்ணாடியைத் தொடவில்லை. ஒரு பக்கத்தை அமத்தினால் மறுபக்கம் எழும்பியது. கண்ணாடி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அந்த இடைவெளியில் பாங்க் கார்ட் சுகமாகப் போய்வந்தது. "அத்தான், முதல்ல பிள்ளைகள அறைக்குள்ள அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு, ஹோஸைப் போட்டுத் தண்ணீரை இறக்கினோம்.

நாங்கள் விட்ட பிழைதான் எல்லாரும் விடுகிற முதல் பிழை. பக்கத்து வீட்டு நாலடித் தொட்டிக்கு 10 மில்லிமீட்டர் போட்டிருந்தார்கள், அதையே நாங்களும் போட்டோம். அவர்களுடைய தொட்டி ஒன்றரை அடி உயரம் என்பதை யோசிக்கவில்லை.

கண்ணாடியைத் தள்ளுவது எத்தனை லீட்டர் தண்ணீர் என்பதல்ல, எவ்வளவு ஆழம் என்பதுதான். தொட்டியின் முன்பின் அகலத்தை ஓரடியிலிருந்து இரண்டடி ஆக்கினாலும் முன்கண்ணாடிக்கு ஒரு கிராம் கூட அதிகம் விழாது. உயரத்தைக் கூட்டினால் கதை வேறு. 120 சென்ரிமீட்டர் நீளமுள்ள முன்கண்ணாடியில் 45 சென்ரிமீட்டர் தண்ணீர் நின்றால் மொத்தத் தள்ளல் சுமார் 120 கிலோ. 60 என்றால் 216 கிலோ. 90 என்றால் 486 கிலோ. உயரம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு! அதுவும் பெரும்பங்கு அடிப்பகுதியில்தான் விழுகிறது.

கண்ணாடி உடையும் வலுவில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை மட்டும் நம்புவது தொட்டி கட்டுபவர்களின் வழக்கமான கணக்கு. அதன்படி, மேல்விளிம்பில் தாங்கும் கண்ணாடிப் பட்டி எதுவும் ஒட்டாத நாலடித் தொட்டிக்கு 45 சென்ரிமீட்டர் உயரத்தில் 8 மில்லிமீட்டர் மட்டுமட்டாகக் காணும், 10 போட்டால் நிம்மதி. 60 சென்ரிமீட்டருக்கு 12 வேண்டும். 90 சென்ரிமீட்டருக்கு 19. அந்த 19 மில்லிமீட்டர் கண்ணாடியில் முன்பக்கம் மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். மாடிப்படியில் அதை யார் தூக்குவது என்பதையும் ஓர்டர் கொடுக்க முன்பே தீர்மானியுங்கள்.

மேல்விளிம்பில் உட்பக்கமாகக் கண்ணாடிப் பட்டிகளும் நடுவில் குறுக்குப் பட்டியும் ஒட்டினால் வளைவு நன்றாகக் குறையும். ஆனால் மெல்லிய கண்ணாடியை வாங்கிவிட்டு, "பட்டி இருக்குதானே" என்று சமாதானப்படுவது பிழை. பட்டி ஒன்று கழன்ற அன்றைக்கும் தொட்டி நிற்க வேண்டும்.

பழைய யன்னல், கடைக் கண்ணாடியை மலிவாக வாங்கிப் போடாதீர்கள். ஒரு கீறல், ஓரத்தில் ஒரு சின்னச் சிதைவு போதும், வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். வெட்டித் தரும்போதே ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி வலுவானதுதான், ஆனால் அதைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது; உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் தூளாகும்.

அடுத்தது சிலிக்கன். ஹார்ட்வெயர் கடையில் "பாத்ரூமுக்குப் போடுறது" என்று தருவதை வாங்கவே வேண்டாம். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதில் கலக்கும் மருந்து மீனைக் கொல்லும். மீன் தொட்டிக்கு என்று டியூப்பிலேயே எழுதியிருப்பதை எடுங்கள். பெரும்பாலும் வினாகிரி வாசம் அடிக்கும், அது நல்லதுதான்.

ஒட்டும் இடத்தை அசிற்றோனால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. கொழும்புப் புழுக்கத்தில் கை எப்போதும் வியர்த்திருக்கும். ஒரு கைரேகை இருந்தால் அந்த இடத்தில் ஒட்டு பிடிக்காது. சிலிக்கனை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போட்டு, ஐந்து பத்து நிமிடத்துக்குள் கண்ணாடியைச் சேருங்கள். சேர்த்ததும் பலத்தை எல்லாம் போட்டு அமத்தினால் சிலிக்கன் முழுவதும் வெளியே பிதுங்கி, கண்ணாடியோடு கண்ணாடி முட்டும். நடுவே ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் சிலிக்கன் நிற்க வேண்டும், இழுவையைத் தாங்குவது அந்தப் படைதான்.

அப்புறம் பொறுமை. இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் சிலிக்கன் மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும். தொட்டுப் பார்த்து காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும், தடித்த கண்ணாடியின் ஒட்டு அகலமானது. உயரமான தொட்டிக்கு இரண்டு கிழமை விடுங்கள். கசிந்தால் மேலே புதிதாகப் பூசிப் பலனில்லை, பழைய சிலிக்கனில் புதியது பிடிக்காது. பிளேட்டால் முழுவதும் சுரண்டி எடுத்துத்தான் திரும்ப ஒட்ட வேண்டும்.

மூன்றடி உயரத் தண்ணீர் தரையில் சதுர மீட்டருக்கு 900 கிலோ அழுத்தும், கண்ணாடியும் ஸ்டாண்டும் அதற்கு மேலே. வீட்டுத் தரைகளைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150, 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஆகவே தொடர்மாடியில் ஹோல் நடுவே வைக்காதீர்கள். பீம் ஓடும் சுவரோரமாக வையுங்கள், அதையும் ஒரு எஞ்சினியரிடம் காட்டிவிட்டு. கடற்கரைப் பக்கம் என்றால் இரும்பு ஸ்டாண்டை ஒழுங்காகப் பெயின்ட் பண்ணாமல் விடக்கூடாது, உப்புக்காற்று வெல்டிங் மூட்டைத்தான் முதலில் தின்னும். ஸ்பிரிட் லெவல் பிடித்து மட்டம் பாருங்கள். முழுக் கீழ்க்கண்ணாடியும் பலகையில் படுகிற தொட்டி என்றால் இடையில் ரெஜிபோம் (தெர்மோகோல்) தாள் போடுங்கள். வயர் வழியே வடியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல், பம்ப் வயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி ஏறட்டும். மின் கசிந்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் தண்ணீரை வீட்டுக்குள் நிரப்பாதீர்கள். கீழ்த்தளத்தில், வெளியே, மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு நாள், பிறகு இன்னொரு பங்கு, பிறகு முழுவதும். மூட்டு நெடுக டிஷ்யூவை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் பிடிபடும். முழுத் தண்ணீரோடு ஒரு கிழமை நிற்கட்டும். இடம் மாற்றும்போது முற்றாக வெறுமையாக்குங்கள், கால்வாசித் தண்ணீரோடு தூக்கினாலும் மூட்டு முறுகும்.

அத்தானின் தொட்டியைப் பிரித்து, பிளேட்டால் மூன்று நாள் சுரண்டினோம். அதே கண்ணாடிகளைக் கடையில் கொடுத்து 50 சென்ரிமீட்டர் உயரத்துக்கு வெட்டினோம். அந்த உயரத்துக்கு 10 மில்லிமீட்டர் போதும். அலுமினியப் பட்டியை மறுபடி பிடித்தபோது கார்ட் நுழையவில்லை. இப்போது அதில் ஏஞ்சல் மீன்கள் நிற்கின்றன, அக்கா கையை விட்டே அடிமணலைத் துப்புரவாக்குகிறா.